பேக்கிங் வேலையில் சேர்த்தவர்கள் மூன்றாம் மாதம் நின்றுவிடுகிறார்கள்: ஜாப் கோச் எப்போது விலகலாம்?

கேள்வி: உச்சிவெயில்

வணக்கம். திருச்சி மாவட்டத்தில் உள்ள ஒரு சிறப்புப் பள்ளியின் தொழிற்பயிற்சிப் பிரிவுக்காகக் கேட்கிறேன். 18 வயது முடிந்த, லேசானது முதல் மிதமானது வரை அறிவுசார் குறைபாடு உள்ள நான்கு பேரை ஒரு டிபார்ட்மென்டல் ஸ்டோரின் பேக்கிங் பிரிவில் சேர்த்தோம். மூட்டையிலிருந்து பருப்பை அள்ளி, 500 கிராம் எடை போட்டு, கவரை சீல் செய்து, ஸ்டிக்கர் ஒட்டி, கிரேட்டில் அடுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை.

எங்களிடம் ஜாப் கோச் (வேலையிடத்துக்கே கூடப் போய்ப் பழக்குபவர்) ஒருவர்தான். முதல் மாதம் முழு ஷிப்டும் கூடவே இருந்தார். இரண்டாம் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் போனார். மூன்றாம் மாதம் போனில் விசாரிப்பதோடு சரி. அந்த மாதக் கடைசிக்குள் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். கடைக்காரர் சொல்வது: எடை தப்புகிறது, வேகம் போதவில்லை, ஒருவர் அடிக்கடி கேஷ் கவுன்ட்டர் பக்கம் போய் நின்றுகொள்கிறார். வீட்டில் சொல்வது: அங்கே கவனிக்க ஆள் இல்லை.

ஆடி முடிந்ததும் இன்னும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வதாக அதே கடையில் சொல்லியிருக்கிறார்கள். நான் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று. கோச் எந்தக் கணக்கில் விலக வேண்டும்? எடையையும் வேகத்தையும் எப்படிச் சரிசெய்வது? "சம்பளம் வேண்டாம், பாதித் தொகையை ஊக்கத்தொகையாகத் தருகிறோம்" என்கிறார்களே, அதற்கு ஒத்துக்கொள்ளலாமா? சேர்வதற்கு முன் முடிக்க வேண்டிய காகித வேலைகள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பதில் 1: தராசுமுள்

முதல் மாதம் முழுசாக, இரண்டாம் மாதம் பாதியாக, மூன்றாம் மாதம் போனில் என்பது காலண்டரைப் பார்த்து விலகுவது. நீங்கள் பார்க்க வேண்டியது தாளை. வேலையைப் படிப்படியாக உடைத்து எழுதிய தாளில், இன்று எத்தனை படிகளைத் தூண்டுதல் இல்லாமல் செய்தார் என்ற கணக்கு இருக்க வேண்டும். அது இல்லாமல் "நல்லா பண்றான் சார்" என்ற பேச்சை நம்பி விலகினால் மூன்றாம் மாதம் இதுதான் நடக்கும்.

முதலில் எடையைப் பார்ப்போம், ஏனென்றால் கடைக்காரர் அதைச் சொல்லித்தான் ஆளை அனுப்புகிறார். எடை தப்புவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆள் இல்லை, டேர். காலி கவரைத் தராசில் வைத்து டேர் பட்டனை அழுத்தினால்தான் கவரின் 3, 4 கிராம் கழியும். நடுவில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அந்த டேர் அழிந்துவிடும். பழைய ஆட்கள் இதைக் கண்ணால் பார்த்தே பிடித்துவிடுவார்கள். நம்மவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஏனென்றால் கோச் எழுதிய தாளில் "கரண்ட் போய் வந்தால்" என்ற படியே இருக்காது. அதன்பின் அவர் போடும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 3, 4 கிராம் குறையும். ஷிப்ட் முடிவில் இரண்டு பாக்கெட்டைச் சோதித்துப் பார்க்கிற சூப்பர்வைசர் "இவனுக்கு எடை வராது" என்று முடிவு கட்டிவிடுவார்.

இன்னொன்று காற்று. தராசுக்கு நேர் மேலே ஃபேன் சுற்றினால் கடைசி எண் 498, 501, 499 என்று ஆடிக்கொண்டே இருக்கும். 500 வரட்டும் என்று சொல்லிக்கொடுத்திருப்பதால் அவர் 500 நிற்கும்வரை காத்திருப்பார், இல்லாவிட்டால் ஒவ்வொரு பருப்பாக எடுத்துப் போடுவார். அதைத்தான் கடையில் "வேகம் இல்லை" என்கிறார்கள். தராசை ஃபேனுக்கு நேர்க்கீழ் இல்லாமல் நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எண் வாசிக்கத் தெரியாதவருக்கு என்ன செய்வது? சரி, கூடுதல், குறைவு என்று விளக்கு எரியும் தராசு கடையில் இருந்தால் அதையே கேளுங்கள். பச்சை எரிந்தால் எடு, அவ்வளவுதான். இல்லையென்றால் டிஸ்ப்ளேவுக்குக் கீழே 500, 501, 502, 503 என்று நான்கு எண்களை, டிஸ்ப்ளேயில் தெரிகிற அதே வடிவத்தில் எழுதி ஒட்டுங்கள். வாசிக்க வேண்டாம், பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். சட்டமுறை எடையளவு விதிப்படி 500 கிராம் பாக்கெட்டில் 15 கிராம் வரை பிழை பொறுக்கப்படும் என்றாலும் அதைக் கணக்கில் வைத்துப் பழக்காதீர்கள். கடை எந்த அளவை ஏற்கிறதோ அதுதான் அளவு.

அள்ளுவதற்கு ஒரே கரண்டி வேண்டாம். தலைதட்டினால் 480 கிராம் பிடிக்கிற குவளை ஒன்று, மிச்சம் போட ஒரு டேபிள் ஸ்பூன். குவளையை ஒருமுறை, பிறகு ஸ்பூனால் எண் பொருந்தும்வரை. துவரம்பருப்புக்கு 480 பிடிக்கிற குவளை உளுந்துக்கு அதே எடை பிடிக்காது. சரக்குக்கு ஒரு குவளை, மூட்டையிலும் குவளையிலும் ஒரே நிற டேப். ஸ்டிக்கர் ரோலிலும் அதே டேப். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு ரோல் மட்டும் இருக்க வேண்டும். கடலைப்பருப்பில் துவரம்பருப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் போய்விட்டால் அது எடைக் குறைவை விடப் பெரிய தலைவலி.

சீலிங்: கவரின் மேலே மூன்று விரல் அகலம் காலியாக விட வேண்டும். பருப்புத் தூள் சீல் கோட்டில் இருந்தால் ஒட்டினது மாதிரி தெரியும், கிரேட்டில் அடுக்கும்போது பிரியும். கை சீலரில் விளக்கு அணைந்ததும் கையை எடுத்துவிடுவார்கள். அணைந்தபின் "ஒண்ணு, ரெண்டு" எண்ணிவிட்டுத்தான் தூக்க வேண்டும், சூடு ஆறினால்தான் பிடிக்கும். டெஃப்லான் துணி கருகியிருந்தால் கவர் அதில் ஒட்டிக்கொண்டு கிழியும். அதைப் பார்த்துச் சொல்வதும் வேலையில் ஒரு படிதான்.

ஆக, உங்கள் தாளில் வேலைப் படிகள் 12 என்றால் அதோடு இன்னும் நான்கு சேருங்கள்: மூட்டை தீர்ந்தால், ஸ்டிக்கர் தீர்ந்தால், மெஷின் மக்கர் செய்தால், கரண்ட் போய் வந்தால். நான்குக்கும் அவர் யாரிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். பேச்சு வராதவர் என்றால் காலி ரோலைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் போதும். கேஷ் கவுன்ட்டர் பக்கம் போய் நிற்கிறார் என்கிறீர்களே, எந்த நேரத்தில் போகிறார் என்று இரண்டு நாள் குறித்துப் பாருங்கள். சரக்கு தீர்ந்து அடுத்த மூட்டை வரும்வரை சும்மா நிற்கும் நேரமாகத்தான் இருக்கும். அதற்கென்று ஒரு நிரப்பு வேலை கொடுங்கள்: அட்டைப்பெட்டி மடிப்பது, மேசை துடைப்பது. "வேலை இல்லாதபோது என்ன வேலை" என்பதையும் சொல்லித்தர வேண்டும்.

இனி விலகும் கணக்கு. தினமும் காலையில் முதல் பாக்கெட்டை மட்டும் மதிப்பெண் போடுங்கள், கோச் வாயைத் திறக்காமல். பத்து பாக்கெட் போட்டுச் சூடேறியபின் எல்லாரும் நன்றாகத்தான் செய்வார்கள், அந்தக் கணக்கு ஏமாற்றும். தானாகச் செய்தது, சைகை காட்டியது, வாயால் சொன்னது, கையைப் பிடித்தது என்று நான்கு குறி போதும். தொடர்ந்து மூன்று வேலைநாள் 90 சதவீதப் படிகள் தானாக வந்தால் கோச் ஒரு நிலை பின்வாங்கலாம். நிலைகள் இப்படி: பக்கத்தில், ஆறடி பின்னால், அறையின் மறுமூலை, அவர் கண்ணில் படாத இடம், ஒரு மணி நேரம் கடைக்கு வெளியே, அரை ஷிப்ட், ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் ஒருமுறை. 80க்குக் கீழே இறங்கினால் ஒரு நிலை திரும்பி வாருங்கள். இந்த எண்களைச் சட்டம்போல எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் ஏதாவது ஒரு எண் இருந்தே ஆக வேண்டும்.

கோச்சுக்கு ஒரு வார்த்தை: வாயால் சொல்வதைக் குறையுங்கள். கையால் காட்டியதை நிறுத்துவது சுலபம், வாயால் சொல்லிப் பழக்கியதை நிறுத்துவதுதான் கஷ்டம். "அடுத்து என்ன?" என்று நீங்கள் கேட்கக் கேட்க, அந்தக் கேள்வியும் அவருக்கு வேலையின் ஒரு படியாகிவிடும். நீங்கள் இல்லாத அன்று அந்தக் குரல் வரும்வரை கவரைப் பிடித்தபடி நிற்பார். பின்னாலிருந்து முழங்கையை லேசாகத் தொட்டால் போதும். 1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட், தீவிரக் குறைபாடு என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு சைக்கிள் பிரேக் கோர்க்கக் கற்றுக்கொடுத்ததும் கிட்டத்தட்டப் பேச்சே இல்லாமல்தான்.

வாரம் ஒருமுறை என்ற நிலைக்கு அப்புறமும் முழுக்க விட்டுவிடாதீர்கள். அமெரிக்க விதிகளில் நிலைபெற்றபின்னும் மாதம் இரண்டு முறையாவது தொடர்பில் இருப்பது என்று வைத்திருந்தார்கள். போனில் சூப்பர்வைசர் "பிரச்சினை இல்லை" என்பார். நேரில் போனால்தான் தராசு ஃபேனுக்கு அடியில் திரும்பி வந்திருப்பது தெரியும்.

பதில் 2: வாய்க்கால்

தராசுமுள் வேலையைச் சொல்லிவிட்டார். கடைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஆள் வேலையை விட்டு நிற்பதற்குக் காரணம் வேலைநேரத்தில் இல்லை, இடைவேளையில். டீ நேரம் 15 நிமிஷம், சாப்பாடு 45 நிமிஷம். இதில் எங்கே உட்கார்வது, டிபன் பாக்ஸை எங்கே வைப்பது, கை எங்கே கழுவுவது, மணி ஆனதை எப்படித் தெரிந்துகொள்வது என்று யாருமே சொல்லித்தருவதில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிடுபவர் இரண்டு மாதம் தாங்குவார், அப்புறம் காலையில் வயிற்றுவலி என்பார். கோச் மதியச் சாப்பாட்டை வெளியே போய்ச் சாப்பிடாமல் முதல் வாரம் அவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டு, இரண்டாம் வாரம் எழுந்து வேறு மேசைக்குப் போகட்டும்.

அடுத்து, கோச்சின் இடத்தில் யார்? "எல்லாரும் பார்த்துக்குவாங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். பெயர் சொல்லி இரண்டு பேர் வேண்டும். ஒருவர் போதாது, அவருக்கு வார விடுமுறை வரும், இல்லாவிட்டால் அவரே வேலையை விட்டுப் போய்விடுவார். பேக்கிங் பிரிவில் ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள். மூன்றாம் மாதம் உங்கள் மூவரும் நின்றபோது அந்த மேசையில் பக்கத்தில் இருந்தவர் யார், அவர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள். அந்த இரண்டு பேரை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். முதல் பத்து நாளில் யார் தானாக வந்து "அப்படிப் பிடிக்காதே தம்பி" என்று கவரைத் திருப்பிக் கொடுக்கிறாரோ அவர்தான். கோச் அவருக்குச் சொல்லித்தர வேண்டியது மூன்றே விஷயம்: ஒரு தடவைக்கு ஒரு வேலை சொல்லுங்கள், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லாமல் செய்துகாட்டச் சொல்லுங்கள், தப்பு செய்தால் அந்த நிமிஷமே சொல்லுங்கள்.

கோச் கடைக்குள் நுழைந்ததும் சூப்பர்வைசர் செய்வதைக் கவனியுங்கள். "உங்க பையன் இன்னிக்கு லேட்டு" என்று கோச்சிடம் சொல்வார். அதை கோச் வாங்கிக்கொண்டால் முடிந்தது கதை. "நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க சார், மத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி" என்று திருப்பிவிட வேண்டும். 24 வயது ஆளைக் கடையில் "குழந்தை" என்று அறிமுகப்படுத்துகிற பழக்கத்தையும் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். குழந்தைக்கு யாரும் முழுச் சம்பளம் தர மாட்டார்கள்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலை செய்கிறவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. குறைபாடு இருக்கிறது என்பதற்காக முதலாளி தானாக அதைப் பாதியாக்க முடியாது. தமிழ்நாட்டில் பஞ்சப்படி ஏப்ரல் 1 அன்று மாறும், அதையும் சேர்த்துத்தான் கணக்கு. ஆள் எட்டு மணி நேரம் தாங்க மாட்டார் என்றால் நேரத்தைக் குறையுங்கள், விகிதத்தைக் குறைக்காதீர்கள். நியமன உத்தரவிலேயே பகுதிநேரம், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று எழுதி வாங்குங்கள். "கொஞ்ச நாள் பார்க்கிறோம்" என்று கடை கேட்டால் அதுவும் நியாயம்தான், ஆனால் பார்க்கிற நாளுக்கு முடிவுத் தேதி வேண்டும்.

கடையிடம் சட்டத்தை நீட்டிப் பேச்சைத் தொடங்காதீர்கள், ஆனால் கையில் வைத்திருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு எல்லா நிறுவனத்துக்கும் சமவாய்ப்புக் கொள்கை வேண்டும் என்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தனியார் நிறுவனம் என்றால் எந்தெந்த வேலைகள் பொருத்தமானவை என்ற பட்டியலும், அதைக் கவனிக்கத் தொடர்பு அலுவலரும் அதில் இருக்க வேண்டும். பெரும்பாலான கடைகளில் அந்தக் கொள்கையே இருக்காது. "நாங்களே எழுதித் தருகிறோம்" என்று போய் நின்றால் மேனேஜர் உட்காரச் சொல்லி காபி தருவார். அதில் தராசின் இடம், நிற டேப், கோச் உள்ளே வர அனுமதி எல்லாவற்றையும் எழுதிவிடலாம்.

உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியவருக்கு நாற்காலி கேட்கத் தயங்குகிறார்கள். அதைச் சலுகையாக நினைக்க வேண்டாம். கடை ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 2021லேயே திருத்தம் வந்துவிட்டது.

பதில் 3: பேரேடு

காகிதம் பற்றி மட்டும் சொல்கிறேன். இவையெல்லாம் சேரும் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் தொடங்க வேண்டியவை.

நம் ஊர் இனிஷியல்தான் முதல் எதிரி. ஆதாரில் "கு. செல்வம்", பான் கார்டில் "செல்வம் குமார்", யூடிஐடியில் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) "செல்வம் கே" என்று இருந்தால் பிஎஃப்பின் யூஏஎன் எண் ஆதாரோடு ஒட்டாது. பணம் பிடிப்பார்கள், எடுக்கப் போகும்போது வராது. எது சரி என்று ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். ஆதாரை மாற்றுவதை விட மற்றவற்றை ஆதாருக்கு ஒத்தபடி மாற்றுவது சுலபம். ஆதாரோடு இணைந்த போன் எண் யாருடையது என்றும் பாருங்கள். அண்ணன் துபாய் போனபின் அவர் எண்ணுக்கு ஓடிபி போய்க்கொண்டிருக்கும்.

இஎஸ்ஐக்கு (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பொது மாதச் சம்பள வரம்பு 21,000. மாற்றுத்திறனாளிக்கு 25,000. இது கணக்காளர் பலருக்குத் தெரியாது. ஊழியர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம்.

வங்கி: சம்பளக் கணக்குக்குப் போனால் "கார்டியன் சர்டிபிகேட் கொண்டு வாங்க" என்பார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்து, பணம் போடுவது எடுப்பது புரிந்தவர் தன் பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களைப்போலச் சட்டத் தகுதி உண்டு என்று 2016 சட்டமே சொல்கிறது. பாதுகாவலர் உண்மையிலேயே வேண்டும் என்றால், ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் குழு கூடும் தேதியை முதலில் கேட்டு வையுங்கள், விண்ணப்பம் அதற்குத்தான் காத்திருக்கும்.

இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம். அப்பா அரசு ஊழியர் என்றால், "வேலைக்குப் போனால் எங்களுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் கிடைக்காது" என்ற பயம் வீட்டில் இருக்கும். "கவனிக்க ஆள் இல்லை" என்று நின்றவர்களில் ஒருவர் வீட்டிலாவது இது இருக்கும் என்று நினைக்கிறேன். மத்திய அரசு ஊழியர்களுக்கு 2021இல் வந்த உத்தரவின்படி, மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் மற்ற வருமானம், பெற்றோர் கடைசியாக வாங்கிய ஊதியத்தின் 30 சதவீதமும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குக் கீழே இருந்தால் ஓய்வூதியம் போகாது. பேக்கிங் வேலைச் சம்பளத்தை இதோடு ஒப்பிட்டு, பெற்றோர் முன்னால் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். மாநில அரசு ஊழியர் என்றால் விதி தனி. கருவூலத்தில் எழுத்தில் பதில் வாங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறவர் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் அப்படியே எழுதிக் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது.

வரி கட்டுகிற பெற்றோருக்கு ஒன்று: மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிப்பதற்காக 1961 வருமான வரிச் சட்டத்தில் உள்ள 80டிடி கழிவு (75,000, குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000) பழைய வரி முறையில்தான் உண்டு. பிள்ளை தன் குறைபாட்டுக்கான 80யூ கழிவைத் தன் பெயரில் கோரினால் பெற்றோர் 80டிடி கோர முடியாது.

பஸ்: சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. ஆனால் ஒரே வழித்தடத்தில் சொகுசு பஸ்ஸும் வரும். அதில் ஏறிவிட்டு நடத்துநரிடம் அட்டையை நீட்டி வாக்குவாதமாகி, மறுநாள் பஸ்ஸே வேண்டாம் என்கிற நிலை வரும். பயணப் பயிற்சியில் எந்த பஸ்ஸில் ஏறக் கூடாது என்பதையும் பழக்குங்கள். இறங்கும் நிறுத்தத்தைத் தவறவிட்டால் என்ன செய்வது என்று வேண்டுமென்றே ஒருநாள் தவறவிட்டுப் பழக்குங்கள், கோச் பின்னால் வண்டியில் வரட்டும்.

உச்சிவெயில்

மூவருக்கும் நன்றி. ஃபேன் விஷயம் சரிதான், அந்த மேசை நேர் கீழேதான் இருக்கிறது. இரண்டு சந்தேகம். தராசுமுள், குவளை, டேப் எல்லாம் வைத்தபின்னும் வேகம் வராவிட்டால்? பழைய ஆள் மணிக்கு 100 பாக்கெட் போடுகிறார், நம்மவர் 45. இரண்டாவது, புதிதாக வரும் இருவரில் ஒருவருக்கு அறிவுசார் குறைபாடு இல்லை, மனச்சிதைவுக்கு மருந்து எடுக்கிறார். அவருக்கும் இதே தாளா?

பதில் 4: தராசுமுள்

45ஐ 100 ஆக்கப் பார்க்காதீர்கள். முதலில் ஒரு பாக்கெட்டுக்கு ஆகும் நேரத்தைப் படிவாரியாக ஸ்டாப்வாட்சில் எடுங்கள். 45 பாக்கெட் என்றால் ஒன்றுக்கு 80 விநாடி. அள்ள 10, எடை 45, சீல் 12, ஸ்டிக்கரும் அடுக்குவதும் 13 என்று வந்தால் விஷயம் எடையில்தான் இருக்கிறது. அப்போது வேலையைப் பிரிக்கலாம்: எடை போடுவது பழைய ஆள், சீல், ஸ்டிக்கர், அடுக்கு மூன்றும் நம்மவர். 25 விநாடி வேலை, மணிக்கு 140 வரை வரும். பழைய ஆளுக்கும் கை மிச்சம், அவர் எடையை மட்டும் பார்த்தாலும் மேசையின் மொத்தக் கணக்கு பழைய 145க்குப் பக்கத்திலேயே நிற்கும். கடைக்காரரிடம் தனி ஆளின் வேகத்தைப் பேசாமல் மேசைக் கணக்கைக் காட்டுங்கள். பிரிப்பதற்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம், மொத்த பாக்கெட் எத்தனை என்று.

ஒரு எச்சரிக்கை. துல்லியம் வந்தபிறகுதான் வேகம். "சீக்கிரம் சீக்கிரம்" என்று முதல் மாதம் சொன்னால் சீலரில் ஒண்ணு ரெண்டு எண்ணுவதை விட்டுவிடுவார், அப்புறம் அதைத் திரும்பப் பழக்க இரண்டு மடங்கு நாளாகும்.

கூட்டத்தையும் கணக்கில் எடுங்கள். மாதம் 1 முதல் 7 தேதி வரை மளிகைக் கூட்டம், அதற்கான பேக்கிங் நெருக்கடி முந்தைய மாதக் கடைசி வாரத்தில். கோச் அரை ஷிப்ட் விலகிப் பார்ப்பதைப் பத்தாம் தேதிவாக்கில் செய்துவிட்டு "தேறிட்டார்" என்று எழுதிவிடுகிறார்கள். கடைசி வாரத்திலும் ஒருமுறை பாருங்கள். ஆடி முடிந்து சேர்கிறவருக்கு மூன்றாம் மாதம் தீபாவளி நெருக்கத்தில் வரும். சரக்கு மாறும், மேசை மாறும், எட்டு மணி பத்தாகும், ஒப்பந்த ஆட்கள் புதிதாக வந்து உட்காருவார்கள். அந்த மூன்று வாரம் கோச் வாரம் இரண்டு நாளாவது நேரில் இருக்க வேண்டும் என்று இப்போதே அவர் டைரியில் எழுதி வையுங்கள்.

பதில் 5: இளவேனில்

மனச்சிதைவு உள்ளவருக்கு அந்தத் தாள் வேண்டாம், அவமானமாக எடுத்துக்கொள்வார். பருப்பு அள்ளத் தெரியாததல்ல அவர் பிரச்சினை. இவர்களுக்கு ஐபிஎஸ் (தனிநபர் வேலையமர்வும் ஆதரவும்) என்று தனி முறை இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் உருவாக்கியது. அதன் எட்டுக் கொள்கைகளில் இங்கே முக்கியமானது, யாருக்கு வேலை வேண்டுமோ அவருக்குத் தேடுவது, "முதலில் தயாராகட்டும்" என்று பயிற்சிக் கூடத்தில் உட்கார வைக்காமல் இருப்பது. வேலையும் அவர் விருப்பப்படி. பேக்கிங் உங்களிடம் இருக்கிறது என்பதற்காக அவரைப் பேக்கிங்கில் போடாதீர்கள். அவர் பி.காம். முடித்தவராக இருக்கலாம், முதலில் கேளுங்கள்.

நடைமுறையில் தடுக்கி விழுவது நேரத்தில். இரவு மருந்தின் தூக்கம் காலை எட்டு மணிக்கும் கண்ணில் இருக்கும். காலை ஷிப்டை விட 11 மணி ஷிப்ட் கேளுங்கள், இல்லாவிட்டால் இரவு மருந்தை முன்னதாக எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு எந்தக் கிழமையோ அந்தக் கிழமையே வார விடுமுறையாக இருந்தால் மாதத்துக்கு ஒரு நாள் சம்பளம் போகாது, மருந்தும் விட்டுப்போகாது. இந்த ஒன்றைச் சேரும்போதே கேட்டு வாங்கலாம், பிறகு கேட்டால் கிடைக்காது.

கடையில் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு, பள்ளியின் முடிவு இல்லை. யாரிடம் சொல்லலாம், நோயின் பெயரைச் சொல்லலாமா, "தூக்கம் வர்ற மருந்து எடுக்கிறார்" என்பது மட்டும் போதுமா என்று மூன்றையும் அவரோடு உட்கார்ந்து பேசி, எழுதி, கையெழுத்து வாங்குங்கள். சொல்ல வேண்டாம் என்றால் கோச் கடைக்குள் காலே வைக்கக் கூடாது, சாயங்காலம் டீக்கடையில் சந்தித்துப் பேசட்டும். சிறப்புப் பள்ளி வேனில் கொண்டுபோய் இறக்கிவிடுவதும் சொன்னதாகத்தான் ஆகும்.

உச்சிவெயில்

வேன் விஷயம் யோசிக்கவே இல்லை. அவருக்குத் தனியாகவே பேசுகிறேன். கடையில் தராசை நகர்த்தவும், கரண்ட் போய் வந்தால் டேர் அழுத்துவது யார் என்று இரண்டு பெயர் குறிக்கவும் வரும் திங்கட்கிழமை மேனேஜரைப் பார்க்கப் போகிறோம். 480 கிராம் குவளையைக் கடையிலேயே தேடிக்கொண்டிருக்கிறோம், கிடைக்காவிட்டால் எவர்சில்வர் டம்ளரை அறுத்து விளிம்பைத் தேய்த்துக்கொள்ளலாமா?

தராசுமுள்

டம்ளரை அறுக்க வேண்டாம், விளிம்பு கையைக் கிழிக்கும். பெரிய பிளாஸ்டிக் குவளையில் 480 கிராம் எடை போட்டு ஊற்றி, மட்டம் வரும் இடத்தில் உட்பக்கம் இரண்டு சிறு துளை போட்டுக் கம்பி ஒன்றைக் குறுக்கே கோர்த்துவிடுங்கள். பருப்பு கம்பியைத் தொட்டால் நிறுத்தணும். பேனாக் கோடு போட்டால் இரண்டே வாரத்தில் அழிந்துவிடும்.